பத்திரம், பென் ட்ரைவ், இணையம்: மலையக வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கொஞ்சம் கொம்பியூட்டர் தெரிந்த ஆள் என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவை பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றை எங்கே, எப்படி வைப்பது என்பதைப் பற்றியவை. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். விலையுயர்ந்த எதையும் வாங்கச் சொல்லவில்லை. பழைய ஆண்ட்ரொய்ட் போன் ஒன்றும் பென் ட்ரைவ் இரண்டும் இருந்தால் வேலை முடியும்.

பத்திரமெல்லாம் தகரப் பெட்டியில் பூட்டித்தான் இருக்கிறது. அப்புறம் எதற்கு இந்த வேலை?

பெட்டிக்குப் பூட்டு இருக்கிறது, பெட்டி இருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) அந்த உத்தரவாதம் இல்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் பல இடங்களில் மண் சரிந்தது. அந்த நேரத்தில் பிள்ளையைத் தூக்குவதா, பெட்டியைத் தூக்குவதா என்று யாரும் யோசிக்கக்கூடாது. பிரதிகள் வேறிடத்தில் இருந்தால் யோசிக்கவும் தேவையில்லை.

மண்சரிவே வராத இடத்திலும் பூஞ்சணம் வரும். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து ஈரத்தில் பொலித்தீன் உறைக்குள் வைத்த கடதாசிகூட ஓரம் கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய சான்றிதழ்களில் கையால் எழுதிய மை முதலில் மங்குவது மடிப்பு விழுந்த இடத்தில்தான். இலக்கமும் பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் இருக்கும்.

எந்தெந்தப் பத்திரங்களை ஸ்கேன் செய்ய வேண்டும்?

வீட்டிலுள்ள எல்லோருடைய பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், இறந்தவர்களின் இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், கடவுச்சீட்டு, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கிளினிக் கொப்பி, காணி அல்லது வீட்டு உறுதி.

பலர் விட்டுவிடுவது இரண்டு. ஒன்று, தோட்டத்துச் சம்பளத் துண்டும் ஊழியர் சேமலாப நிதிக் கடிதங்களும். ஓய்வு பெற்ற பிறகு பணம் எடுக்கப் போகும்போது உறுப்பினர் இலக்கம் பிழை, பெயரில் ஓர் எழுத்து பிழை என்று இழுபடாதவர் குறைவு. பழைய துண்டு ஒன்று கையில் இருந்தால் பேச்சுக்குப் பிடி கிடைக்கும். மற்றது, தாத்தா பாட்டியின் பிரஜாவுரிமைப் பத்திரம். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிடமிருந்து பறித்த உரிமையை மீட்க எடுத்த கடதாசிகள் அவை. இன்றைக்கு எந்தக் கந்தோரிலும் கேட்காமல் இருக்கலாம், ஆனாலும் குடும்பத்தின் கதை அதில்தான் இருக்கிறது. முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள் என்பேன்.

ஸ்கேன் பிரதியைக் கந்தோரில் ஏற்பார்களா?

பெரும்பாலான இடங்களில் மூலப் பத்திரம் அல்லது சான்றுப்படுத்திய பிரதிதான் கேட்பார்கள். ஸ்கேனின் பயன் வேறு. பிறப்புச் சான்றிதழின் புதிய பிரதிக்கு விண்ணப்பிக்கும்போது பதிவு இலக்கம், பதிவு செய்த திகதி, பதிவாளர் பிரிவு மூன்றும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் பதிவேட்டைத் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கூடுதல் கட்டணமும் நாளும் ஆகும். போனில் ஒரு படம் இருந்தால் அந்த மூன்றையும் பார்த்து எழுதிவிடலாம்.

போனில் படம் எடுத்தாலே போதாதா? ஸ்கேன் என்று தனியாக எதற்கு?

படம் எடுத்தால் கோணல் வரும், ஓரத்தில் மேசை விரிப்பின் பூவும் சேர்ந்து வரும். கூகுள் ட்ரைவ் செயலியைத் திறந்தால் கீழே கமரா படம் போட்ட பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பத்திரத்தின் நான்கு மூலையையும் தானே கண்டுபிடித்து, நேராக்கி, பிடிஎப் ஆக்கித் தரும். பல பக்கங்களை ஒரே கோப்பாகவும் சேர்க்கலாம்.

வாசல் பக்கம் பகல் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள். பல்புக்குக் கீழே எடுத்தால் உங்கள் கையின் நிழலே விழும். லெமினேட் செய்த அட்டை என்றால் கொஞ்சம் சரித்துப் பிடியுங்கள், பளபளப்பு இலக்கத்தை மறைக்காது. எடுத்ததும் பெரிதாக்கி, இலக்கங்கள் ஒவ்வொன்றும் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் விட்டால், தேவைப்படும் நாளில்தான் 3 ஆ 8 ஆ என்று தெரியாமல் நிற்பீர்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆள் பெயர், பத்திரத்தின் வகை, வருடம் என்ற ஒழுங்கில் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ் மேல் வெறுப்பில்லை. கடைகளில் உள்ள பழைய மென்பொருள்கள் சில தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறிகளாகக் காட்டும், அவ்வளவுதான்.

பஸ் நிலையத்தில் 2 டிபி பென் ட்ரைவ் மலிவாக விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்க வேண்டாம். 2 டிபி என்றால் 2000 ஜிபி. ஆனால் உள்ளே இருப்பது சில ஜிபி மட்டும் கொள்ளும் சிப். கொம்பியூட்டரிடம் மட்டும் 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்து வைத்திருப்பார்கள். நீங்கள் போடும் கோப்புகள் போவது போலவே தெரியும், பெயர்களும் தெரியும். கொள்ளளவு தாண்டியதும் புதியவை பழையவற்றின் மேல் எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். திறந்து பார்க்கும்போதுதான் கோப்பு பழுதென்று தெரியும்.

உறுதிப்படுத்த எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது பென்னை முழுவதும் நிரப்பி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும். நேரம் எடுக்கும், ஆனால் ஏமாற்றாது.

64 ஜிபி பென் 59 ஜிபி சொச்சம் காட்டுவது மோசடி இல்லை. தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் வகுக்கிறது. குடும்பத்தின் பத்திரங்களுக்கு 16 ஜிபியே தாராளம். தெரிந்த கடையில், பற்றுச்சீட்டோடு சின்னதாக இரண்டு வாங்குங்கள்.

கல்யாண வீடியோவை பென்னில் போட முடியவில்லை. இடம் இருக்கிறது, ஆனால் கோப்பு பெரிது என்கிறது.

பென் எப்ஏடி32 என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் பழைய முறையில் இருக்கிறது. அதில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. உள்ளே உள்ளதை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு, எக்ஸ்எப்ஏடி என்ற புதிய முறையில் போர்மட் செய்யுங்கள் (போர்மட் செய்தால் பென்னில் உள்ளதெல்லாம் அழியும்). வீட்டு டிவி பழையதென்றால் அதை வாசிக்காமலும் போகலாம்.

பென் ட்ரைவைப் பூட்டுவது எப்படி?

மூன்று வழி உண்டு, மூன்றிலும் ஒவ்வொரு சிக்கல் இருக்கிறது.

விண்டோஸோடு வரும் பிட்லொக்கர் முதலாவது. பென் முழுவதையும் பூட்டும். ஆனால் விண்டோஸ் ஹோம் பதிப்பில் பூட்டப்பட்டதைத் திறக்கலாமே தவிர, புதிதாகப் பூட்ட முடியாது. புரோ பதிப்பு வேண்டும். பூட்டும்போது 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று தரும், அதை அதே பென்னில் வைக்காதீர்கள். போனில் இந்தப் பென் பொதுவாகத் திறக்காது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

வெராகிரிப்ட் இரண்டாவது. இலவசம், உறுதியானது. ட்ரூகிரிப்ட் என்ற பழைய மென்பொருளின் வழியில் 2013 இல் வந்தது. பென்னுக்குள் ஒரு பெட்டகக் கோப்பை உருவாக்கி, திறக்கும்போது தனி ட்ரைவ் போலக் காட்டும். ஆனால் அதை இயக்கக் கொம்பியூட்டரின் நிர்வாகி அனுமதி வேண்டும். பாடசாலை, கந்தோர் கொம்பியூட்டர்களில் அது கிடைக்காது.

எங்கள் தேவைக்கு நான் சொல்வது மூன்றாவதை: செவன்ஸிப் (7-Zip). இதுவும் இலவசம். கோப்புறையை வலது கிளிக் செய்து, 7இசட் வகையில் சுருக்கி, பாஸ்வேர்ட் கொடுத்தால் ஏஇஎஸ்-256 என்ற வலுவான குறியாக்க முறையில் பூட்டிவிடும். கோப்புப் பெயர்களையும் மறைக்கும் தெரிவைக் கட்டாயம் டிக் பண்ணுங்கள். இல்லாவிட்டால் உள்ளே யாருடைய என்ன பத்திரம் இருக்கிறது என்ற பட்டியலைப் பாஸ்வேர்ட் இல்லாமலே எவரும் பார்க்கலாம். ஆண்ட்ரொய்ட் போனில் இஸட்ஆர்கைவர் செயலியால் இதைத் திறக்கலாம். லப்டொப் இல்லாத வீடுகளுக்கு இது பெரிய வசதி. பூட்டிய பிறகு பூட்டாத பழைய கோப்புறையை அழிக்க மறந்துவிடாதீர்கள். கதவைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி அதை அப்படியே விட்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

இலக்கப் பொத்தான்கள் உள்ள பென் ட்ரைவ்களும் கிடைக்கின்றன. சிலவற்றில் 10 தடவை பிழையாக அழுத்தினால் உள்ளே இருப்பதைத் தானே அழித்துவிடும். வங்கிக்கும் கம்பனிக்கும் சரி. பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

பாஸ்வேர்ட்டுக்கு அடையாள அட்டை இலக்கத்தைப் போடலாமா? அதுதான் மனப்பாடம்.

போடவே கூடாது. அந்த இலக்கத்தில் ரகசியம் எதுவுமில்லை. 1992 மார்ச் 10 பிறந்த பெண் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இலக்கம் 92570 என்று தொடங்கும். 92 பிறந்த வருடம். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று கணக்கு வைத்தால் மார்ச் 10 வருடத்தின் 70 ஆவது நாள், பெண் என்பதால் அதோடு 500 கூட்டினால் 570. 2016 முதல் வந்த 12 இலக்க முறையில் 1992570 என்று தொடங்கும். உங்கள் பிறந்தநாளுக்கு பேஸ்புக்கில் வாழ்த்துச் சொன்னவருக்கு வருடமும் தெரிந்தால் முன்பாதி தெரிந்த மாதிரி. மீதிப் பாதி கடைகளில் கிடக்கும் போட்டோ கொப்பிகளில் இருக்கிறது.

தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேருங்கள்: குடை, பலாக்கொட்டை, தண்டவாளம், செவ்வாய் என்கிற மாதிரி. (இதையே போட்டுவிடாதீர்கள்.) தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது ஒரு தொல்லை உண்டு. ழகரத்தையும் நெடிலையும் ஆளுக்கு ஆள் வேறு விதமாக அடிப்பார்கள், நாமே இன்றைக்கு ஒரு மாதிரி, அடுத்த வருடம் ஒரு மாதிரி அடிப்போம். அதனால் அடித்தபடியே ஒரு கொப்பியில் எழுதி, பென் இல்லாத வேறிடத்தில் வையுங்கள். செவன்ஸிப்பிலும் வெராகிரிப்டிலும் பாஸ்வேர்ட் மறந்தால் மீட்டுத் தர யாருமில்லை.

கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது என்ன ஆபத்து?

என்னைக் கேட்டால் எங்கள் ஊர்களில் பத்திரம் கசியும் முதல் இடம் இதுதான். கடைக்காரர் கெட்டவர் என்பதல்ல. வேலை நடக்கிற விதம் அப்படி. "வட்ஸ்அப்ல போடுங்க தம்பி" என்று சுவரில் ஒட்டிய நம்பரைக் காட்டுவார். நீங்கள் அடையாள அட்டையை அனுப்புவீர்கள். அது கடைக் கொம்பியூட்டரில் திறந்திருக்கும் வட்ஸ்அப் வழியாக டவுன்லோட் கோப்புறைக்குள் விழும். நாளைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையனும் அதைத் திறக்கலாம். வீட்டுக்கு வந்து "எல்லோருக்கும் அழி" என்று அழுத்தினால் அரட்டையில் உள்ளது போகும், டவுன்லோட் ஆனது போகாது.

நான் சொல்லும் வழி, இரண்டு பென் வைத்திருப்பது. ஒன்று வீட்டுப் பென்: எல்லாப் பத்திரமும் பூட்டியபடி அதில். அது எந்தக் கடைக் கொம்பியூட்டரையும் தொடக்கூடாது. மற்றது கடைப் பென்: அன்றைக்குப் பிரிண்ட் எடுக்க வேண்டிய கோப்பு மட்டும் அதில். போனிலிருந்தே மாற்றிக்கொள்ள, பென்னைப் போனில் செருக உதவும் ஓடிஜி வயர் ஒன்று போதும். வந்ததும் கடைப் பென்னைப் போர்மட் செய்துவிடுங்கள்.

பூட்டிய கோப்பைக் கடையில் வைத்துத் திறப்பது இன்னும் மோசம். செவன்ஸிப்பில் உள்ளே இருப்பதை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், அதன் பூட்டில்லாத பிரதி ஒன்று அந்தக் கொம்பியூட்டரின் தற்காலிகக் கோப்புறைக்குப் போகும். சில நேரம் அங்கேயே தங்கிவிடும். நீங்கள் அடித்த பாஸ்வேர்ட்டும் யாருடைய கொம்பியூட்டரில் என்று யோசியுங்கள்.

வட்ஸ்அப்பில்தான் அனுப்ப வேண்டும் என்று ஆகிவிட்டால், பிரிண்ட் வந்ததும் "அண்ணே, அதை ஒருக்கா டிலீட் பண்ணிடுங்க, ரீசைக்கிள் பின்லயும்" என்று பக்கத்தில் நின்றே சொல்லுங்கள். கோபிக்க மாட்டார்கள். பிழையாக வந்த போட்டோ கொப்பியையும் கேட்டு வாங்குங்கள். கொடுக்கும் பிரதியின் குறுக்கே இன்ன வேலைக்கு மட்டும் என்று திகதி போட்டு எழுதுவது நல்ல பழக்கம். வேறொருவர் அதை வைத்துச் சிம் எடுப்பது கொஞ்சமாவது கஷ்டமாகும்.

கடையில் போட்டெடுத்த பென்னில் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்டது. கோப்புகள் போய்விட்டனவா?

பெரும்பாலும் போகவில்லை. இந்த வகை வைரஸ் உண்மைக் கோப்புகளை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட்களை வைக்கும். அதைக் கிளிக் செய்தால்தான் உங்கள் கொம்பியூட்டருக்குள் புகும். ஆகவே கிளிக் செய்யாதீர்கள். விண்டோஸ் கோப்புலாவியில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை டிக் பண்ணி, பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தெரிவின் டிக்கை எடுத்துவிட்டால் அசல்கள் மங்கலாகத் தெரியும். சில நேரம் பெயரே இல்லாத கோப்புறைக்குள் கிடக்கும். அவற்றை மட்டும் பிரதி எடுத்து, விண்டோஸ் டிபென்டரால் ஸ்கேன் செய்து, பென்னைப் போர்மட் செய்யுங்கள். போர்மட்டை முதலில் செய்துவிட்டு அழுதுகொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

பிடிஎப்பைச் சின்னதாக்கும் தளங்களை நம்பலாமா?

விண்ணப்பப் படிவங்கள் கோப்பு இத்தனை கேபிக்குள் வேண்டும் என்று அடம்பிடிக்கும். ஐலவ்பிடிஎப், ஸ்மோல்பிடிஎப் போன்றவை வேலையைச் சரியாகச் செய்யும். குறிப்பிட்ட நேரத்தில் கோப்பை அழிப்பதாகவும் சொல்கின்றன. ஆனாலும் கோப்பு அவர்களுடைய சேர்வருக்குப் போய் வருகிறது. பாட வினாத்தாள், நோட்ஸ் என்றால் தாராளமாகப் போடுங்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் என்றால் பிடிஎப்24 இன் விண்டோஸ் பதிப்பை டவுன்லோட் செய்து, இணையம் இல்லாமலே சுருக்குங்கள். ஸ்கேனைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வைரஸ்டோட்டல் தளம் சந்தேகமான லிங்க்கையும் கோப்பையும் பல வைரஸ் தடுப்பான்களால் ஒரே தடவையில் பரிசோதிக்கும். நல்ல கருவி. ஆனால் அங்கே போடும் கோப்பைக் கொம்பியூட்டர் பாதுகாப்பு நிறுவனங்களும் எடுத்துப் பார்க்கலாம். சொந்தப் பத்திரத்தை அதில் போடாதீர்கள்.

கூகுள் ட்ரைவில் போட்டுவிட்டால் பென்னே வேண்டாமே?

இரண்டும் வேண்டும். பென் தொலையும், பழுதாகும். கூகுள் கணக்கு மண்ணில் புதையாது, ஆனால் பாஸ்வேர்ட் மறந்தால் உள்ளே போக முடியாது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதில் ஜிமெயில், போட்டோக்கள், ஆண்ட்ரொய்ட்டின் வட்ஸ்அப் பேக்கப் எல்லாம் பங்கு கேட்கும். காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் இடத்தை நிரப்பிவிட்டுப் பத்திரத்துக்கு இடமில்லாமல் போவது சாதாரணம். 2 வருடம் தொடாமல் விட்டால் கணக்கையே அழிக்கலாம் என்பதும் கூகுளின் விதி. பூட்டிய அதே 7இசட் கோப்பை ட்ரைவிலும் ஏற்றுங்கள். சிக்னல் மலை உச்சியில் மட்டும்தான் என்றால், டவுனுக்குப் போகும் நாளில் ஏற்றுங்கள்.

பாஸ்வேர்ட்டோடு குறியீடு ஒன்றையும் கேட்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டிருந்தால், அந்தக் குறியீடு சிம்முக்கு வரலாம். ஆனால் அந்தச் சிம் யார் பெயரில் இருக்கிறது? தோட்டங்களில் மாமா பெயரில், பழைய முதலாளி பெயரில் எடுத்த சிம்கள் ஏராளம். தொலைந்தால் அதே இலக்கத்தில் புதிய சிம் எடுக்க அந்த ஆளைத் தேடிப் போக வேண்டும். முதலில் சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கூகுள் தரும் 8 இலக்கப் பேக்கப் குறியீடுகள் பத்தையும் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

பழைய கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. பழுதா?

பழுதில்லை, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் அப்படித்தான் தெரியும். பாமினியை, இன்றைய போனிலும் கொம்பியூட்டரிலும் நேராகத் தெரியும் யுனிகோடுக்கு மாற்றும் இலவசப் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. வெட்டி ஒட்டினால் தமிழ் வரும். ஒற்றெழுத்துகளை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். சங்கம், கோயில் கமிட்டி அறிக்கைகளை வைத்திருப்பவர்கள் இதை இப்போதே செய்வது நல்லது. பிரிண்ட் எடுக்கக் கொண்டுபோகும் எதையும் பிடிஎப் ஆக்கிக் கொண்டுபோனால் எழுத்துருத் தகராறே வராது.

பென்னில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டால் எத்தனை வருடம் இருக்கும்?

நம்பிக் கண்ணை மூட முடியாது. பிளாஷ் சிப்பில் தகவல் மின்னேற்றமாகத்தான் நிற்கிறது, வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் கசியலாம். தைப்பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது பென்னையும் செருகி, இரண்டு மூன்று கோப்பைத் திறந்து பாருங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். ஒரு பிரதி கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையிடமோ வேறு ஊர் உறவினரிடமோ இருக்கட்டும். பூட்டியிருப்பதால் கொடுக்கப் பயமில்லை.

மழை நேரத்தில் பார்க்க வேண்டிய தளம் எது?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. வட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவை நம்புவதற்கு முன் இதைப் பாருங்கள். செம்மஞ்சள் வந்ததுமே பென்னும் போனின் சார்ஜரும் பையில் இருக்க வேண்டும்.

பழைய போனை விற்கப் போகிறேன். படங்களை அழித்துவிட்டேன், போதுமா?

போதாது. முதலில் கூகுள் கணக்கைப் போனிலிருந்து நீக்கிவிட்டு, பிறகு தொழிற்சாலை நிலைக்கு மீட்டமையுங்கள் (பெக்டரி ரீசெட்). கணக்கை நீக்காமல் மீட்டமைத்தால் வாங்கியவர் உங்கள் பாஸ்வேர்ட்டைக் கேட்டு போன் எடுக்க நேரலாம். புதிய போன்களின் உள் நினைவகம் குறியாக்கப்பட்டே (பூட்டியபடியே) வருவதால் மீட்டமைத்த பின் எதையும் எடுப்பது கடினம். மெமரி கார்ட் அப்படியல்ல. அதில் அழித்த படத்தை போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளாலேயே திருப்பி எடுக்கலாம். போனை விற்றாலும் மெமரி கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.